ரம்பப் பிரஸ்ஸும் எங்க அத்தையும்

இத எங்க அத்தைக்கு யாரும் படிச்சுக் காட்டிடாதீங்க, மொதல்லயே சொல்லிட்டேன். அதுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்ல, தானா எடுத்துப் படிக்காது. ஆனா நம்ம செட்டுல சில பேரு இருக்கீங்க, வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்க. அவங்களுக்குத்தான் சொல்றேன். யாருன்னு அவங்களுக்கே தெரியும்.

விருத்தாசலத்துல செராமிக் கம்பெனிங்க பக்கம் வளந்தவங்களுக்கு நான் எதையும் வெளக்க வேணாம். காலையில காயப்போட்ட துணிய மத்தியானம் எடுத்தா ஒரு ஒதறு ஒதறித்தான் மடிக்கணும். சூளைப் புகை ஒரு பக்கம், மண்ணுத் தூளு ஒரு பக்கம். கம்பெனி வுட்டு வர்ற பொம்பளைங்க புருவமெல்லாம் வெள்ளையா வருவாங்க. மண்ணுல மண்ணெண்ணெயும் தண்ணியும் தெளிச்சுப் பெசறுவாங்க இல்ல, அந்த வாசனை அத்தை தலமுடியில எப்பவும் இருக்கும். ராத்திரி அது பக்கத்துலதான் நான் படுப்பேன். எனக்கு அந்த வாசனை வந்தாத்தான் தூக்கம் வரும்.

வெளையாட்டுச் சாமான் எதுவும் நாங்க காசு குடுத்து வாங்கினதில்ல. கம்பெனியில கழிச்சுப் போட்ட, ஒடஞ்ச பீங்கான் பியூஸ் கட்டைதான் அடுப்பு, சட்டி, தோசக்கல்லு எல்லாம். தும்பிக்கை இல்லாத பீங்கான் யானை ஒண்ணு வச்சிருந்தேன், சுடும்போதே வெடிச்சுப் போன யானை. கல்யாணம் ஆகி வர்றப்ப கூட எடுத்தாந்தேன். அப்புறம் எந்த வூடு மாத்துனப்ப தொலஞ்சுதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அத்தைன்னா அப்பாவோட கடைசித் தங்கச்சி. அப்பாவுக்கும் அதுக்கும் நெறைய வயசு வித்தியாசம், புள்ள மாதிரி வளத்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனியிலதான் வேலை. அப்பா ஃபிட்டரு. அத்தை பிரஸ் அடிக்கிறது. பியூஸ் கட்டைக்கு இரும்புல அச்சு இருக்கும். அதுல மண்ணுத் தூள ரொப்பி, மேலேருந்து இரும்புத் தலைய எறக்கி அமுக்குனா கட்டை ரெடி. அப்புறம் சூளைக்குப் போவும். அத்தை அடிச்ச கட்டையில ஒண்ணு கூட வெடிப்பு வுட்டு வராதுன்னு மொதலாளியே சொல்லுவாரு. அதுக்கு அதுல கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தா என்னா, கை அப்புடி.

அந்தக் காலத்துல அங்க இருந்ததெல்லாம் திருகு பிரஸ்ஸு. மேல ஒரு குறுக்குக் கம்பி, ரெண்டு முனையிலயும் இரும்புக் குண்டு. அதப் புடிச்சு சுத்துனா நடுவுல இருக்குற திருகு சுத்திச் சுத்தி எறங்கும், தலையும் கூடவே எறங்கும். திருப்பிச் சுத்துனா ஏறும். திருகுல ஒரு நல்லது என்னான்னா, வுட்ட எடத்துல நிக்கும். பாதி எறக்கிட்டு வெத்தல போடப் போனாலும் அங்கயேதான் நிக்கும். தலைய என்னதான் அமுக்குனாலும் அது தானா சுத்தி எறங்கவே எறங்காது. அதனால பொம்பளைங்க கைய உள்ள வுட்டுக்கிட்டே கத பேசுவாங்க, அச்சத் தொடைப்பாங்க, புள்ளைக்கிப் பாலு குடுத்துக்கிட்டே ஒரு கையால மண்ணு ரொப்புவாங்க. பயமுன்னு ஒண்ணு யாருக்கும் இருந்ததில்ல.

ஆனா சுத்திச் சுத்தித் தோளு வுட்டுப் போவும். மொதலாளிக்கோ வேகம் பத்தாது. அப்பதான் எங்கப்பா ஒரு காரியம் பண்ணாரு. நெய்வேலிப் பக்கம் பழைய இரும்புக் கடையிலேருந்து ஒரு பல்லுச் சக்கரமும், பல்லு வெட்டுன ஒரு நீளக் கம்பியும் எடுத்தாந்தாரு. கம்பிய நட்டுக்குத்தா நிறுத்தி, அதுக்கு அடியில பிரஸ்ஸுத் தலைய மாட்டுனாரு. பக்கத்துல சக்கரம், சக்கரத்துக்கு ஒரு நீளக் கைப்புடி. கைப்புடிய ஒரு இழுப்பு இழுத்தா சக்கரம் கொஞ்சூண்டு திரும்பும். சக்கரத்துப் பல்லு கம்பிப் பல்லப் புடிச்சுத் தள்ளும். தலை சர்ருன்னு நேரா எறங்கி மண்ண அமுக்கிடும். சுத்தவே வேணாம். கம்பியப் பாத்தா மரம் அறுக்குற ரம்பம் மாதிரி இருக்கும், பொம்பளைங்க எல்லாம் ரம்பப் பிரஸ்ஸுன்னே பேரு வச்சிட்டாங்க.

இதுல ஒண்ணு கவனிங்க. திருகு மாதிரி இது வுட்ட எடத்துல நிக்காது. தலை நல்ல வெயிட்டு. வுட்டா தானா எறங்கும், எறங்குறப்ப கைப்புடியையும் சுத்திக்கிட்டே எறங்கும். அதுக்குத்தான் அப்பா பின்னாடி ஒரு கப்பி மாட்டி, கம்பிக் கயித்துல பழைய ரைஸ்மில்லு எடைக்கல்லு ஒண்ணத் தொங்க வுட்டிருந்தாரு. இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் எடைக்கல்லு. ரெண்டும் சரிக்குச் சரி. அந்தக் கல்லு இருக்குற வரைக்கும் ரம்பப் பிரஸ்ஸும் வுட்ட எடத்துல சமத்தா நின்னுச்சு. அதனால திருகு பிரஸ்ஸுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு யாருக்கும் தோணல. அப்பா ஒருத்தருக்குத்தான் தெரியும்.

மொதலாளிக்கு ஒரே சந்தோஷம். ரம்பப் பிரஸ்ஸுல அத்தையத்தான் ஒக்கார வச்சாங்க. அந்த நேரம் பாத்து வேப்பூர்ப் பக்கத்துலேருந்து அதுக்கு ஒரு மாப்ளையும் அமைஞ்சுது. லாரி ஓட்டுறவரு, நம்ம வேதக்காரங்கதான். எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசையில, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு மூணு வாரம் வாசிப்பாங்க இல்ல, அதுல மொத வாரம் வாசிச்சாச்சு. சாமியாரு அத்தை பேர வாசிக்கிறப்ப அது முக்காட்ட இழுத்து மூஞ்சிய மூடிக்கிச்சு. நான் பக்கத்துல ஒக்காந்து எட்டி எட்டிப் பாத்தேன். தொடையில ஒரு கிள்ளு கிள்ளுச்சு பாருங்க, இப்பவும் வலிக்கிது.

அந்த வாரத்துலயே ஆயுத பூஜை வந்துச்சு. நாங்க கிறிஸ்தவங்கதான், ஆனா கம்பெனி பூஜைன்னா யாரு அதெல்லாம் பாத்தாங்க? எல்லா மிஷினையும் மண்ணெண்ணெயில கழுவி, கிரீஸ் வச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, வாழக்கன்னு கட்டுவாங்க. ஃபிட்டருங்க சுத்தியலு, ஸ்பேனரு, அரம் எல்லாத்தையும் சாமி படத்துக்கு முன்னாடி அடுக்கி வைப்பாங்க. எங்கப்பா எடைக்கல்லக் கழட்டி, செவப்புப் பெயிண்ட் அடிச்சு, அதுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு அந்த வரிசையிலேயே வச்சாரு. அவரு கையால செஞ்ச மிஷினு இல்லையா, பெருமை. கல்லு இல்லாம தலை எறங்கிடக் கூடாதுன்னு கைப்புடியத் தூக்கி, சணலால பிரஸ்ஸுத் தூணோட சேத்துக் கட்டிட்டாரு. அதுக்கு மேல பொம்பளைங்க சாமந்தி மாலையச் சுத்தி வுட்டாங்க. சணலு உள்ள மறைஞ்சு போச்சு.

பூஜையில வச்சத மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. மறுநாள் கற்பூரம் காட்டிட்டு எடுத்து, ஒவ்வொரு மிஷின்லயும் நல்ல நேரத்துல ஒரு பீஸாச்சும் அடிக்கணும். அதுதான் அங்க வழக்கம். அன்னிக்கு எங்களுக்கு ஸ்கூலு லீவு. பொரி கடலைக்காக எல்லாப் புள்ளைங்களும் கம்பெனியில ஆஜரு.

அப்பா வாசல்ல நின்னு எங்களுக்குப் பொரி பொட்டலம் குடுத்துக்கிட்டு இருந்தாரு. குடுத்து முடிச்சிட்டுப் போயி கல்ல மாட்டலாம்னு இருந்திருப்பாரு போல. உள்ள மொதலாளி கடியாரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. "நல்ல நேரம் முடியப் போவுதும்மா. புது மிஷினு, உன் கையால ஒண்ணு அடிச்சு வுடு"ன்னாரு. அத்தைக்கு வாயெல்லாம் பல்லு. குங்குமத்த எடுத்துப் பிரஸ்ஸுக்கு ஒரு பொட்டு வச்சுது. அச்சு மேல பூவாக் கெடந்துது. இடது கைய வுட்டுப் பூவ வாரிக்கிட்டே, வலது கையில பிளேட வச்சு மாலைய அறுத்துச்சு. கூடவே சணலும் அறுந்துச்சு.

சத்தம் எனக்கு ஞாபகம் இருக்குது. கைப்புடி தானா சுத்தித் தூணுல அடிச்ச சத்தம். அத்தை கத்தவே இல்ல. எல்லாரும் "ஐயோ ஐயோ"ன்னு ஓடுனாங்க. அப்பா கையில இருந்த பொரி மூட்டையோட உள்ள ஓடுனாரு. பொரி வழியெல்லாம் கொட்டுச்சு. சின்னப் புள்ளைங்க ரெண்டு மூணு அதப் பொறுக்குச்சுங்க. அதுங்களுக்கு என்னா தெரியும்.

நடு வெரலு மூணும் போச்சு. பெரியாஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. கட்ட வெரலும் சுண்டு வெரலும் மிச்சம்.

அதுக்கப்புறம் பேச்சு ஆரம்பிச்சுது பாருங்க. கம்பெனியில சில பேரு, "வேதக்காரப் பொண்ண மொதப் பீஸு அடிக்கச் சொன்னா சாமி ஒத்துக்குமா?"ன்னாங்க. எங்க கோயில்காரங்க, "பொட்டு வச்சதுக்கு ஆண்டவர் கைய வாங்கிட்டாரு பாத்தியா"ன்னாங்க. ரெண்டு சாமியையும் சேத்து எங்க அத்தை மேலயே ஏத்தி வுட்டாங்க. மொதலாளி ஒரு பூசணிக்காய ஒடச்சாரு. அப்புறம் இன்னொண்ணு ஒடச்சாரு. மிஷினு ஏன் எறங்குச்சுன்னு ஒரு நாதி கேக்கல.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்த சாயங்காலம் அத்தை செவுத்துல சாஞ்சு ஒக்காந்திருந்துச்சு. "அண்ணே, நான் ஒண்ணும் பண்ணலையே, பூவத்தானே எடுத்தேன், அது ஏண்ணே எறங்குச்சு?"ன்னு கேட்டுச்சு. அம்மாதான், "சொல்லுங்களேன், அது கேக்குதில்ல"ன்னாங்க. அப்பா எழுந்து சட்டைய மாட்டிக்கிட்டு, "பொட்டு வைக்கிற வேலை உனக்கு எதுக்கு? ஆண்டவர் பாத்துக்கிட்டு சும்மா இருப்பாரா?"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. அத்தை வேற எதுவும் கேக்கல. ஏன்னா அத்தைக்கு அண்ணன் சொன்னா அது வேதம்.

ரெண்டாவது வாரம் கோயில்ல கல்யாண அறிவிப்பு வாசிக்கல. மாப்ள வூட்டுக்காரங்க வந்து காப்பி குடிச்சாங்க. அந்தம்மா, "கையக் கொஞ்சம் காட்டும்மா"ன்னு கேட்டாங்க. அத்தை கட்டோட நீட்டுச்சு. அந்தம்மா கண்ணு கலங்குச்சு, அதயும் சொல்லணும். ஆனா எழுந்திரிக்கிறப்ப, "போயிட்டு வரோம்"னு சொல்லாம, "போறோம்"னு சொல்லிட்டுப் போனாங்க.

அதே வாரம் அத்தையோட டிபன் பாக்ஸ எடுத்தாரச் சொல்லி அம்மா என்னக் கம்பெனிக்கு அனுப்பிச்சாங்க. சாப்பாட்டு நேரம், பிரஸ்ஸுப் பக்கம் யாரும் இல்ல. ரம்பப் பிரஸ்ஸு கழுவி வுட்டுச் சுத்தமா நிக்கிது. பின்னாடி எடைக்கல்லு தொங்குது. புதுச் செவப்புப் பெயிண்ட்டு, மேல காஞ்சு போன சந்தனம், குங்குமம். அழகா இருக்கேன்னு நான் தொட்டுப் பாத்தேன். பின்னாலேருந்து அப்பா, "ஏய், இங்க என்னடி வேலை? போ வூட்டுக்கு!"ன்னு கத்துனாரு. அப்பா என்ன ஒரு நாளும் கத்துனதில்ல. அழுதுக்கிட்டே ஓடியாந்தேன். டிபன் பாக்ஸ எடுக்காமயே வந்துட்டேன், அம்மாகிட்ட அதுக்கு வேற வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அப்புறம் அத்தைக்கு என்னா வாழ்க்கை? பொம்மைக் கம்பெனியில வைக்கோலு வச்சுப் பொம்மைய அடுக்குற வேலை. கல்யாணம்னு யாரும் பேச்செடுக்கல. ஞாயித்துக்கிழமை தவறாமக் கோயிலுக்கு வரும். ஆனா நன்மை வாங்க எழுந்திரிக்காது, பாவத்த வச்சிக்கிட்டு வாங்கக் கூடாதுன்னு. எல்லாரும் வரிசையில போயி அப்பத்த நாக்குல வாங்கிட்டு வருவோம், அது மட்டும் பெஞ்சுல தலையக் குனிஞ்சு ஒக்காந்திருக்கும். சாமியாருகிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனமும் பண்ணியாச்சு. சாமியாரும், "உன் பாவம் மன்னிச்சாச்சும்மா, வா"ன்னு கூப்புட்டாரு. அதுக்கு அத்தை, "மன்னிச்சிட்டாருன்னு நீங்க சொல்றீங்க சாமி, எனக்கு என் கையப் பாத்தா அப்புடித் தெரியலையே"ன்னுச்சு. சாமியாருங்க மாறி மாறி வந்தாங்க. ஒவ்வொருத்தரும் கூப்புட்டுப் பாத்து வுட்டுட்டாங்க.

எங்கப்பா? வாராவாரம் அந்தப் பெஞ்சத் தாண்டித்தான் போயி நன்மை வாங்குனாரு.

ஒண்ணு சொல்லணும், அவரு அத்தைய ஒரு கொறையும் இல்லாமப் பாத்துக்கிட்டாரு. மீனு வாங்குனா நடுத் துண்டு அதுக்குத்தான். ஒரு கொடம் தண்ணி தூக்க வுட மாட்டாரு. தங்கச்சின்னா இப்புடிப் பாக்கணும்னு தெருவே சொல்லும். நானும் அப்புடித்தான் நெனச்சிருந்தேன். சாகுற அன்னிக்குக் கூட அது கையத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தாரு, அந்த இடது கைய.

சரி, இப்ப நடந்ததுக்கு வரேன். போன கோடைக்கு மெட்ராஸுல பையன் வூட்டுல இருந்தேன். அபார்ட்மெண்ட்டு வாசல்ல பெரிய கேட்டு, பட்டன் அமுக்குனா தானா நகரும். ஒரு நாளு காய் வாங்கப் போறப்ப கரண்ட்டு இல்ல. வாட்ச்மேன் மோட்டார்ல ஒரு சாவியப் போட்டுத் திருகிட்டு, கேட்டக் கையால தள்ளுனாரு. கேட்டுக்கு அடியில நீளத்துக்கும் பல்லு, மோட்டார்ல சின்னப் பல்லுச் சக்கரம். எங்கப்பா மாட்டுனாரே அதேதான், அங்க நட்டுக்குத்தா நின்னுச்சு, இங்க படுத்திருக்குது. கேட்டு நேராப் போவுது, சக்கரம் தன்னால கிறுகிறுன்னு சுத்துது. யாரும் சுத்தல.

சக்கரத்தச் சுத்துனா கம்பி போவும்னுதான் நாங்க எல்லாரும் பாத்திருந்தோம். கம்பி போனாலும் சக்கரம் சுத்தும். கைப்புடி தூணுல அடிச்ச சத்தம் எனக்கு அங்க கேட்டுச்சு. எடைக்கல்லு எங்க இருந்துச்சு அப்ப? சாமி படத்துக்கு முன்னாடி. அப்புறம் மாட்டுனது யாரு? அத மாட்டத் தெரிஞ்சவரு ஒருத்தருதான். சந்தனத்தக் கூடத் தொடைக்காம மாட்டியிருக்காரு, அவ்வளவு அவசரம். "பெரியம்மா, ஒடம்பு சரியில்லையா?"ன்னு வாட்ச்மேன் கேக்குறாரு. நான் கூடையக் கீழ வச்சுட்டு அங்கயே ஒக்காந்துட்டேன். கோவம்னா அப்புடி ஒரு கோவம். கயிறு கட்டுனது தப்பில்ல, மறந்தது கூடத் தப்பில்ல. கேட்டுச்சே அது, ஏண்ணே எறங்குச்சுன்னு கேட்டுச்சே.

மறுநாளே பஸ்ஸப் புடிச்சு விருத்தாசலம் வந்துட்டேன். அத்தை வாசப்படியில ஒக்காந்து முருங்கக்கீரை உருவிக்கிட்டு இருந்துச்சு. கட்ட வெரலுக்கும் சுண்டு வெரலுக்கும் நடுவுல காம்பக் குடுத்து ஒரே இழுப்பு, எல எல்லாம் மொறத்துல வுழும். நான் பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். திருகு எப்புடி நிக்கும், ரம்பம் ஏன் நிக்காது, கல்லு எங்க இருந்துச்சு, சணலு எங்க இருந்துச்சு. "உன் பொட்டும் இல்ல, ஒரு சாமியும் இல்ல அத்தை. கல்ல மாட்டல. அவ்வளவுதான்"னேன்.

கீரை உருவுறது நின்னு போச்சு.

"அப்ப நான் எதுக்குடி இத்தன வருஷம் ஒக்காந்திருந்தேன்?"ன்னுச்சு.

அழுவும்னு நெனச்சேன், அழுவல. மொறத்த ஓரமாத் தள்ளி வச்சுட்டு, "எங்கண்ணனுக்கு இது தெரியுமாடி?"ன்னு கேட்டுச்சு. கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொன்னேனே, அந்தக் கண்ண என் மூஞ்சிய வுட்டு எடுக்கல.

பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அவர எப்புடித் திட்டணும்னு சேத்து வச்சிருந்தேன். ஒண்ணு கூட வாயில வரல.

"தெரியாது அத்தை. அவருக்கே தெரியாது."

"அதானே. தெரிஞ்சிருந்தா அண்ணன் சொல்லியிருக்கும்"னுச்சு. மறுபடி கீரைய எடுத்து உருவ ஆரம்பிச்சுச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். நன்மை வாங்க எல்லாரும் எழுந்தாங்க. அத்தை முக்காட்டச் சரி பண்ணிக்கிட்டு எழுந்துச்சு. முட்டி வலியோட பெஞ்சு பெஞ்சாப் புடிச்சிக்கிட்டு வரிசையில போயி நின்னு, வாயத் தொறந்துச்சு. தெரிஞ்ச சனங்க திரும்பித் திரும்பிப் பாக்குது. என் பக்கத்துல ஒக்காந்திருந்த யாரோ ஒரு அம்மா, "நீங்க வரலையா?"ன்னு என்னக் கேட்டாங்க. நான் எழுந்திரிக்கல.